ஆயில் கலக்காத பெட்ரோல்

மரம் அறுக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக், கோடு கோடாகக் கீறல் விழுந்த பிஸ்டனைத் தூக்கிக் காட்டினான். அதன் சொந்தக்காரர், தாமும் பழுதானவரைப்போல ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள்.

"ஆயில் கலக்காம வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டியிருக்கீங்கண்ணே. இன்ஜின் இறுகிப்போச்சு. புதுசு வாங்கினா நாளைக்கே வேலைக்குப் போகலாம். இதையே சரிபண்ணணும்னா ஒரு மாசம் ஆகும்."

"சரியே பண்ணிடுங்க" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒரு மாசம் வீட்டுல உட்கார்ந்து நான் மோட்டுவளையைப் பார்க்கணுமா?" என்று எரிந்து விழுந்தார் அவர்.

"பாருங்களேன். இருபது வருஷமா அதுக்கு எங்கே நேரம் இருந்துச்சு?"

அவர் முணுமுணுத்தபடி சைக்கிளை எடுக்க வெளியே போனார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, ஒரு மாசம் ஆகறதுக்கு முன்னாடி முடிச்சிடாதீங்க. வெறும் பெட்ரோலை ஊத்தினவளே நான்தான். இந்த மெஷினோட அதிர்வுல கை மரத்துப்போய், சட்டைப் பட்டன்கூட அவரால போட முடியலை. ஓய்வெடுங்கன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறார்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"காலையில மெஷினைக் கொண்டுவந்தப்பவே அண்ணன் சொல்லிட்டார்க்கா. நீங்க ஊத்தினதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினாராம். 'முடியலை'ன்னு உங்ககிட்ட சொல்ல வாய் வரலையாம். ரெண்டு நாள் வேலையை ஒரு மாசம்னு சொல்லச் சொன்னதும் அவர்தான்."

அவள் வாசலைப் பார்த்தாள். சைக்கிள் பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மாசம்னு சொல்லிடுங்க."