தர்மோவின் விரல்கள்

அலுவலகத்துக்குள் எல்லோரும் கம்பளிக் காலுறையோடு நடக்க, இர்யா மட்டும் அன்று பனிக்காலணியைக் கழற்றவில்லை.

தம்பெரே என்ற அந்தப் பனி ஊரில் அது கிட்டத்தட்ட அவமரியாதை. முதலாளி தர்மோ முறைத்தார். விருந்தாளிகள் முன்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

வந்திருந்தவர்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தார். தர்மோவின் மென்பொருளை அவர்கள் வாங்காவிட்டால் வசந்தத்துக்குள் கடையைக் கட்ட வேண்டியதுதான். அவருடைய செயலாளரான இர்யா காபியையும் ஏலக்காய் பன்னையும் மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

தர்மோ ஆரம்பித்தார். கடவுச்சொல்லை எவனும் திருடலாம், விரல்களைத் திருட முடியாது. தட்டும் வேகம், தயங்கும் இடம், மவுஸை நகர்த்தும் விதம், எல்லாவற்றையும் எங்கள் மென்பொருள் நாள்தோறும் கவனித்து வைத்துக்கொள்ளும். உள்ளே நுழைபவர் மீது எவ்வளவு சந்தேகம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். குறைவென்றால் கதவு திறக்கும். நடுத்தரமென்றால் இன்னொரு கேள்வி கேட்கும். அதிகமென்றால் சாத்திவிடும்.

இந்தப் பேச்சையும் இர்யாதான் எழுதியிருந்தாள். மூச்சு வாங்க வேண்டிய இடங்கள் உட்பட.

காப்பீட்டு நிறுவனத்தின் தலைவி பிர்க்கோ கையை உயர்த்தினார். மாதிரிக் கணக்கெல்லாம் வேண்டாம், உங்கள் சொந்தக் கணக்கிலேயே காட்டுங்கள் என்றார்.

தர்மோ அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் தன் பெருமையைத் தானே கேட்டு மயங்கிய மனிதருக்குச் சுதாரிப்பு எங்கிருந்து வரும்?

முதலில் ஓர் ஊழியரைத் திருடனாக உட்காரவைத்தார். அவர் தர்மோவின் கடவுச்சொல்லைப் பிசகாமல் தட்டினார். சந்தேகம், எண்பத்தெட்டு. சிவப்பு. கதவு சாத்திக்கொண்டது.

அடுத்து தர்மோவே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை போல உட்கார்ந்து தட்டினார்.

தொண்ணூற்றாறு.

திருடனையே மிஞ்சிவிட்டார்.

மறுபடி தட்டினார். இன்னும் இரண்டு கூடியது. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் யாரும் சட்டென்று சிரிப்பதில்லை. பன்னை மென்றுகொண்டிருந்த ஒருவர் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.

“உங்க மென்பொருள் தப்பாச் சொல்லுதா, இல்ல சரியாத்தான் சொல்லுதா, தர்மோ?” என்று கேட்டார் பிர்க்கோ.

தப்பென்றால் விற்பதற்கு ஒன்றுமில்லை. சரியென்றால் அதைவிடக் கேவலம். தர்மோ சுவர்ப்பக்கம் திரும்பினார். இந்த இடத்துக்கு இர்யா எதுவும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை.

“இர்யா, கொஞ்சம் வாங்களேன். இந்தக் கீபோர்டு என்னமோ மக்கர் பண்ணுது.”

வராமல் நின்றிருக்கலாம். ஒன்பது வருடமாக இந்தக் குரலுக்குப் பழகிப்போன கால்கள் தாமாக நகர்ந்தன. அந்தக் கால்கள் மீது அவளுக்கே எரிச்சலாக வந்தது. பளபளத்த தரையில் காலணியின் ஈரம் தடம் தடமாகப் பதிந்தது. உட்கார்ந்தாள். தர்மோவின் கடவுச்சொல்லைத் திரையைக்கூடப் பார்க்காமல் தட்டினாள். அவருடைய எல்லாக் கடிதங்களுக்கும், எல்லாப் பதில்களுக்கும், எல்லா ஒப்புதல்களுக்கும் முதல் நாளிலிருந்து தட்டியது போலவே.

இரண்டு. பச்சை. ‘வருக, தர்மோ’ என்றது திரை.

பிர்க்கோ திரையைப் பார்த்தார். தர்மோவைப் பார்த்தார். பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பொருள் அருமையா வேலை செய்யுது. வாங்கிக்கிறோம். ஆனா இனிமே பேச்செல்லாம் இந்தத் தர்மோவோடதான்,” என்று இர்யாவைக் காட்டினார்.

தர்மோ அசட்டுச் சிரிப்பு சிரித்தார். இன்று அவளுக்குக் கடைசி நாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

இர்யா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

போன மாதம் தர்மோ அவளை ஒரு வேலைநீக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருந்தார். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். யாரோ பாவம் என்று இர்யா அதை மனம் நோகாதபடி, பார்த்துப் பார்த்து எழுதினாள்.

சொன்னபடியே தர்மோ பேனாவை எடுத்து, விட்ட இடத்தை நிரப்பி, அதை அவளிடமே நீட்டினார்.

ஒன்பது வருடத்தில் அவர் தன் விரல்களாலேயே எழுதிய ஒரே சொல், இர்யா.