கோப்பைச் சூடு

கொடைக்கானல் குளிரில் படகுக்குப் பூசும் பிசின் இறுகாது. அதனால் ஆரோன் மூன்று நாளாகக் கொட்டகையில் ஹீட்டரைப் போட்டுத் தன் மரப்படகைச் சூடேற்றி வைத்திருந்தான். “வீடு ஐஸா இருக்கு, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கிறேன்” என்று வந்த மனைவி செலின் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். மாதக்கணக்காகத் தூக்கம் வராமல் தவித்தவள்.

கடைசி டப்பாப் பிசினையும் கோப்பையில் ஊற்றி, இறுக வைக்கும் திரவத்தோடு கலந்தாயிற்று. அரை மணி நேரம்தான் தாங்கும்; பிறகு கோப்பையிலேயே கல்லாகிவிடும். ஹீட்டரை அணைத்து மரம் ஆறும்போது பூச வேண்டும். இல்லாவிட்டால் சூடேறும் மரம் உள்ளிருக்கும் காற்றைக் கக்கி, முழுக்கக் கொப்புளம். இரண்டு முறை அப்படியாகி, சுரண்டிச் சுரண்டித் தோள் கழன்றிருந்தது.

சுவிட்ச்வரை போன கை நின்றது. குளிர் தட்டினால் விழித்துவிடுவாள்.

காற்று நுழைந்த கதவிடுக்குக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். பிசின் இறுக இறுகக் கோப்பை கொதித்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.