ஐந்தாவது உதை

கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் கூட்டம் கை தட்டியது.

மாவு அரைக்கவில்லை. உள்ளே இரண்டு பிடி கூழாங்கல். அந்தக் கரகரப்புக்கு மேல் குக்கர் விசில் ஒன்று, அதற்கும் மேல் ஒரு தறியின் சடக் சடக்.

அனகாபுத்தூரில் நெசவு நின்றுபோன ஒரு தறிக்கூடத்தில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, நூறு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"இன்னா சார் இது, கிரைண்டருக்கெல்லாம் கை தட்டிகினு கீறாங்க?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

ஜெரோம் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டான். அது அவன் வீட்டுக் கிரைண்டர். எப்போது திரும்பி வரும் என்று மனைவி ஜான்சி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மேடையில் அவனுடையது அது ஒன்றுதான் மிச்சம். எட்டு மாதத்துக்கு முன்னால் வரை, அதோ அந்த ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன். இந்தக் கோஷ்டிக்குப் 'பிசகு' என்று பெயர் வைத்ததே அவனும் சுகுமாரும்தான், இரும்புலியூர் டீக்கடையில், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு நாளில்.

இப்போது அந்த இடத்தில் ஹேமநாத் என்று ஒருவன். குடுமி, கம்மல், ஊதா பனியன். கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி கட்டைகளின் மேல் விரலை ஓட்டினான்.

ஜெரோம் அவன் விட்ட தப்புகளை எண்ணினான். பதினொன்று. பன்னிரண்டு.

பன்னிரண்டுக்கும் சுகுமார் சிரித்தான். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டி, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஜெரோமால் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. பத்து வருடம் அவனுக்கென்றே இருந்த சிரிப்பு அது.

'பிசகு'வுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யாராவது தப்பாக வாசித்துவிட்டால் திருத்தக் கூடாது. மற்ற எல்லாரும் அந்தத் தப்பையே எடுத்து வாசிக்க வேண்டும், அது பாட்டாகிற வரைக்கும்.

சட்டம் போட்டவர்களில் ஜெரோமும் ஒருவன். ஆனால் அவன் தப்பு விட்டதே இல்லை. பதினேழு வருடம் சர்ச்சில் ஞாயிறு தவறாமல் வாசித்த கை அது.

அந்தக் கை ஒரே ஒரு நாள், இதே தறிக்கூடத்தில், ஒத்திகையின் நடுவே வழுக்கியது.

அவ்வளவுதான். எல்லாரும் அந்த ஸ்வரத்தைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். வாராது வந்த மாமணி மாதிரி கொண்டாடிக் கொண்டாடி வாசித்தார்கள். சட்டப்படி அது மரியாதை. ஜெரோமுக்கு அது கேலியாகப் பட்டது.

ஆர்மோனியத்தைப் படாரென்று மூடினான். சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சுகுமாரின் முகத்துக்கு நேராகச் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கேட்டைச் சாத்தினான்.

கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு வண்டியாவது ஒத்துழைக்க வேண்டாமா? ஐந்தாவது உதையில்தான் கிளம்பி மானத்தை வாங்கியது.

அதற்கப்புறம் சுகுமாரிடமிருந்து ஒரு போன் கூட இல்லை. இவனும் போடவில்லை. இன்றைக்குக்கூட யாரும் கூப்பிட்டு வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தவன் மாதிரி வந்து, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சுகுமார் மைக்கை இழுத்தான். "கடைசி அயிட்டம். எட்டு மாசமா வாசிச்சிகினு கீறோம். முடிக்கத்தான் தெரில."

ஹேமநாத் எழுந்து சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு இதில் வேலை இல்லை போலிருந்தது. குக்கர் வாசிக்கிற சத்யபிரியா வந்து, ஆர்மோனியத்தின் முன்னால் உட்காராமல், குனிந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள்.

தப்பான கட்டை.

ஜெரோமுக்கு உடனே தெரிந்துவிட்டது. பந்தியில் நூறு குழந்தை அழுதாலும் பெற்றவனுக்குத் தன் குழந்தையின் அழுகை தெரியாதா?

தறி அதை எடுத்துக்கொண்டது. கிரைண்டர் எடுத்துக்கொண்டது. அந்த ஒற்றை ஸ்வரம் பெருகிப் பெருகிக் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவன் கேட்டதிலேயே அழகான தப்பு அது. அன்றைக்கு அவன் அதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

படார். சத்யபிரியா ஆர்மோனியத்தை மூடினாள்.

அப்புறம் ஒரு மௌனம். ஒரு வார்த்தை சொல்கிற நேரம் இருக்கும். அந்த வார்த்தையை மட்டும் அவர்கள் வாசிக்கவில்லை.

கிரைண்டர் ஓட்டுகிற எத்திராஜ் இரண்டு கையிலும் செருப்பை மாட்டிக்கொண்டு மணல் தட்டின் மேல் நடத்தினான். சரக், சரக், சரக். கேட் தாழ்ப்பாள் விழுந்தது.

சுகுமார் தறியின் மிதிகட்டையை ஓங்கி மிதித்தான். கட்டை கர்ரென்று முனகி அடங்கியது.

இரண்டாவது. வண்டி கிளம்பவில்லை என்பது புரிந்து யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது. சிரிப்பு நின்றது.

நாலாவது.

ஜெரோம் ஹெல்மெட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

சுகுமாரின் கால் மிதிகட்டையின் மேலேயே இருந்தது. கூட்டம் காத்திருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சுகுமார் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். ஐந்தாவதை அவன் மிதிக்கவே இல்லை.

ஜெரோம் ஹேமநாத்தை மறந்தே போனான். இப்போது அவன் வயிறு எரிந்தது வேறொருவனை நினைத்து. நாலு உதை உதைத்துவிட்டு, வண்டி கிளம்பாமல், பாட்டுக்குள் அந்த வாசலிலேயே இன்னும் போகாமல் நின்றுகொண்டிருக்கிற அந்த ஜெரோமை நினைத்து.