கதவோர இடம்

கசுயோ நேராகப் போய், ஏரி தெரியும் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் கணவர் மொரிஹிகோ பெட்டியை வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தார்.

முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஏரிப் பக்கம்தான் அவருடைய இடம். பெரிய மனிதருக்கு ஏரிப் பக்கம், தேநீர் ஊற்றுகிறவருக்குக் கதவோரம். ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ஒன்பது வருடம் ஒசாகாவில் தனியாக இருந்து வேலை பார்த்தவர். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவார். புதுத் துண்டு, நல்ல மெத்தை, வாசலில் அவருக்கென்று திருப்பி வைத்த செருப்பு. ஞாயிறு சாயங்காலம் மறுபடி ரயில்.

நேற்றோடு ஓய்வு. இன்று ஒரேயடியாக வந்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு வந்த கசுயோ அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. “போறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும்” என்று பெட்டியும் கையுமாக இந்த மேட்டுக்கு ஏற்றிவிட்டாள். எந்தக் காலத்துப் பிரபுவோ கட்டிய தேநீர் வீடு.

அவருக்கு முன் ஓய்வு பெற்ற இரண்டு பேரின் மனைவிகளும் இப்படித்தான் ‘பேசணும்’ என்று ஆரம்பித்தார்களாம். அடுத்தது விவாகரத்துத் தாள்தானாம்.

பணிப்பெண் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டுப் போனாள்.

“ஊத்துங்க.”

ஊற்றினார். பழக்கமில்லாததால் பாயில் சிந்தியது. துடைக்க அவள் எழுந்திருக்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு நிதானமாகக் குடித்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அவள் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். இனி தப்பிக்க வழியில்லை.

தெருச் சங்கத்தின் குப்பைமுறைப் பட்டியல். கிழமைக்கு ஒரு வகைக் குப்பை. முறை வருகிறவர் காலை ஆறரைக்குத் தெருமுனைக்குப் போய், காக்கை கிளறாமல் குப்பை மேல் வலை விரிக்க வேண்டும். ஒன்பது வருடமாகக் கசுயோவின் பெயர் இருந்த கட்டத்தில் மொரிஹிகோ என்று எழுதியிருந்தது.

“மாசாமாசம் விருந்தாளியை உபசரிச்சு எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சுங்க. விருந்தாளின்னா இப்படியே அடுத்த ரயிலைப் பிடிங்க. வீட்டு மனுஷன்னா, இதுல கையெழுத்துப் போடுங்க.”

மொரிஹிகோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுபது வயதில் தேநீர் வீட்டில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும்? பட்டியலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. எந்தக் குப்பை?” என்று கேட்டார்.