படிக்குப் படி வெளிச்சம்

“சுவிட்சைத் தேடவே வேணாம் மாப்ளே. காலை வச்சாப் போதும், அதுவா எரியும்!” புதுவீட்டுப் படிக்கட்டருகே நின்று அத்தான் மார்தட்டினார்.

“மேலதானே அக்காவோட தையல் ரூம்?” என்றான் மச்சினன். கல்யாணமான நாளிலிருந்து அக்கா கேட்டது அது ஒன்றைத்தான்.

“முதல்ல ஏறிப் பாரேன்!”

ஏறினான். படிக்குப் படி வெளிச்சம் பூக்க, கனவில் மிதப்பது போலிருந்தது. உச்சியில் கதவைத் திறந்தான். மொட்டை மாடி. அதற்கு மேல் இரவு மேகங்கள்.

“ரூம் எங்கே அத்தான்?”

“அதுக்கு வச்சிருந்த பணம் விளக்குக்கே சரியாப் போச்சு.”

தையல் கூடையோடு பின்னால் வந்த அக்கா, மேல்படியிலேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். அசைவில்லாததால் விளக்குகள் அணைந்தன.

“கையை ஆட்டு, எரியும்!” என்றார் அத்தான், பெருமை குறையாமல்.

ஆட்டினாள். விளக்கு எரிந்தது, நூல் நழுவியது.