ஓரத்தில் நிற்பவர்

"அந்தப் பையனை மட்டும் ஓரமா நிறுத்துங்கம்மா," என்றார் சர்வேயர், ஸ்டூடியோக்காரம்மாவின் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில்.

"எந்தப் பையன் சார்?"

"அதோ, என் பொண்ணோட அங்கிக்கு முதுகுல கிளிப் மாட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன்தான்."

ஸ்டூடியோக்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பட்டமளிப்பு அங்கி ஸ்டூடியோவுக்குச் சொந்தமானது. அதற்குள் இரண்டு பேர் தாராளமாகப் பட்டம் வாங்கலாம். மிச்சத் துணியைப் பின்பக்கம் சுருட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளைப் போட்டுவிட்டால் முன்பக்கம் தைத்ததுபோல இருக்கும். பையன் அந்த வேலையில்தான் மும்முரமாக இருந்தான். சர்வேயரின் மனைவி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி உறவா சார்?"

"அதுதான் இன்னும் முடிவாகலை. படிப்பு முடியட்டும், பார்க்கலாம்னு பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். பட்டம் வாங்கின மறுநாளே, 'இப்பப் பாருங்கப்பா'னு கூட்டிக்கிட்டு வந்து நிறுத்திட்டா. உங்க ஸ்டூடியோதான் வேணும்னு வேற ஒத்தைக்கால்ல நின்னா. இந்தப் படம் எங்க ஹால்ல மாட்டப்போறது. நாளைக்கு ஒத்து வரலைன்னா..." சர்வேயர் இரண்டு விரல்களைக் கத்தரிபோல அசைத்துக் காட்டினார்.

"புரியுது சார். ஓரம்னா வெட்டறது சுலபம். நிச்சயமாகாத மாப்பிள்ளைக்கு எங்க தொழில்ல எப்பவும் ஓரம்தான்."

சர்வேயருக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கல் நட்டே தலை நரைத்தவர் அவர். எது உள்ளே, எது வெளியே என்று சட்டென்று புரிந்துகொள்கிறவர்கள் அவருக்கு அபூர்வமாகத்தான் கிடைப்பார்கள்.

"பையன் வீட்ல பேசிட்டீங்களா?"

"அம்மா மட்டும்தானாம். ஏதோ சொந்தத் தொழிலாம். 'ஒரு தடவை வந்து பாருங்க சார்'னு போன்லயே உயிரை எடுக்கிறான். போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டா சம்மதம்னு ஆயிடுமில்ல? அதான் பிடிகொடுக்காம நழுவிக்கிட்டிருக்கேன்."

"கெட்டிக்காரர்தான் நீங்க," என்ற ஸ்டூடியோக்காரம்மா, விளக்குகளைப் போட உள்ளே போனார்.

படம் எடுக்கும் அறையின் வாசல் தாழ்வானது. பெண்ணோடு பேசிக்கொண்டே வந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையைக் குனிந்து நுழைந்தான். பின்னால் வந்த சர்வேயர் 'ணங்'கென்று இடித்துக்கொண்டார். அவர் நெற்றியைத் தடவி முடிப்பதற்குள் பையன் எங்கிருந்தோ ஒரு ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான்.

"ஆள் சுறுசுறுப்புதான்," என்று மனைவியிடம் முணுமுணுத்தார் சர்வேயர், பாட்டிலை நெற்றியில் வைத்துக்கொண்டு.

"அட, உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை வந்துடுச்சே."

"ஒரு பாட்டிலுக்கெல்லாம் பொண்ணைக் கொடுத்துட முடியாது."

நடுவில் மகள், தலையில் தட்டைத் தொப்பியோடு. அவளுக்கு வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் சர்வேயர். அவருக்கு அப்பால், சொன்னபடியே ஓரத்தில், பையன்.

"என்ன தம்பி, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? சார்கிட்ட ஒட்டி வாங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே சார் தோள்ல கையைப் போடுங்க."

பையன் திருதிருவென்று விழித்தான்.

"கை எதுக்கும்மா?" என்றார் சர்வேயர்.

"அந்தத் தோள் மொட்டையாத் தெரியுது சார்."

கை தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தது. பாரம் வைக்காமல் சட்டையை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. தன் மாமனாரின் எதிரில் முதன்முதலாகச் சர்வேயரும் நாற்காலி நுனியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டூடியோக்காரம்மா கேமராவில் கண்ணை வைத்தபடியே, "சார், ஒரு சிக்கல்," என்று உரக்கச் சொன்னார். "இப்ப வெட்டினா உங்க தோளும் சேர்ந்து போயிடும். கையை எடுக்கச் சொல்லட்டுமா?"

மகள் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள். தொப்பியிலிருந்து தொங்கிய குஞ்சம் அவள் கன்னத்தில் ஆடியது. "யாரைப்பா வெட்டப் போறீங்க?"

சர்வேயர் தொண்டையைச் செருமினார். மகளின் முகத்தைப் பார்த்தார். தோளில் இருந்த கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யாரையும் இல்லை. நீ நேராப் பாரு." பிறகு கேமராவிடம் சொன்னார்: "கை இருக்கட்டும்மா. எடுக்க வேண்டாம்."

மகள் வேகமாகத் திரும்பிக்கொண்டாள். முதுகில் ஒரு கிளிப் தெறித்து விழுந்தது.

"அப்ப எடுத்துடலாமா?"

"இருங்கம்மா. அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கிற இடம் சும்மா கிடக்கே. நாங்க தள்ளி நிக்கணுமா?"

"அசையாதீங்க சார். அளந்துதான் விட்டிருக்கேன்."

ஸ்டூடியோக்காரம்மா கேமராவில் எதையோ அழுத்தினார். அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தவர், அந்தக் காலி இடத்தில் பையனை ஒட்டி நின்றார். சர்வேயரின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க எதுக்கும்மா இங்கே?" என்றார் சர்வேயர்.

"நீங்கதான் வந்து பார்க்க மாட்டேன்னுட்டீங்களே," என்ற ஸ்டூடியோக்காரம்மா, மகனின் காலரை இழுத்துச் சரிசெய்தார். "இப்ப ஓரத்துல நிக்கிறது நான். வெட்டறதா இருந்தா என்னைத்தான் வெட்டணும். முன்னாடி பார்த்துச் சிரிங்க சம்பந்தி, ஃபிளாஷ் அடிக்கப்போகுது."