தெலுங்கு விலை

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, நகரியும் அதோடு போன பிறகு, நகரிச் சந்தையில் ரத்தினம்மாவுக்கு ஒரே பயம்தான். தமிழில் கேட்டால் மளிகைக்கடை ரங்கய்யா விலையைக் குறைக்க மாட்டார். தறிக்கூடத்தில் நூல் சுற்றி வாங்கும் வாரக்கூலியில் மூன்று பிள்ளைகளின் வயிறு நிரம்ப வேண்டும். அதனால் கூட வேலை செய்கிறவளிடம் கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை கடை வாசலில் மகளை எச்சரித்தாள்.

"உள்ள வாயத் தொறக்காத. தமிழாளுன்னு தெரிஞ்சா பருப்பு வெல ஏறிடும்."

ரங்கய்யா பருப்பை நிறுத்து விலை சொன்னார்.

"தக்கிஞ்சண்டி," என்று குறைக்கச் சொன்னாள் ரத்தினம்மா.

"சரேலேண்டி," என்று அவரும் ஓரணா குறைத்தார்.

அப்போது கடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"யோவ், உலை கொதிக்குது! அரிசி குடுக்காம யாராண்ட பேசிக்கினு கீற?"

ரங்கய்யாவின் தராசு அந்தரத்தில் நின்றது.

"நீங்க தமிழா?" என்றாள் ரத்தினம்மா, தெலுங்கை மறந்து.

"தெலுங்குல பேசினாத்தான் யாவாரம் ஓடுது. நீ?"

"நானும் தமிழ்தாண்ணா."

ரங்கய்யாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குறைத்த ஓரணாவை மறுபடி விலையோடு சேர்த்தார்.

"நம்மாளுங்களாப் போயிட்டோம். நமக்குள்ள பேரம் என்னாத்துக்கு, தங்கச்சி?"